சில்லுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை
(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். 2017 மே மாதம் வெளியான ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். இன்டெல் சில்லு (சிப்) உள்ள பல அலுவலகக் கணினிகளில், தொலைவிலிருந்து பராமரிக்க ஒரு வசதி உண்டு. முதன்மைச் செயலியோடு சேராமல் தனியாக ஓடும் குட்டிக் கணினி அது. நாம் கணினியை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும். சரி, அதை எப்படிச் சரிபார்த்தார்கள்? வந்தவர் எத்தனை எழுத்து அனுப்பினாரோ அத்தனை எழுத்தை மட்டும் ஒப்பிட்டார்கள். ஒன்றுமே அனுப்பாவிட்டால்? ஒப்பிட ஒன்றுமில்லை, உள்ளே விட்டுவிடும்! பல ஆண்டுகள் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படவில்லை. நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்ததே, யார் பார்ப்பது?

இப்படி அடியில் ஓடும் மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். தாய்ப்பலகையில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சில்லில் அது குடியிருக்கும். 2018இல் பிடிபட்ட லோஜாக்ஸ் என்ற நச்சுநிரல் அங்கேதான் ஒளிந்துகொண்டது. ஹார்ட் டிஸ்கை மாற்றினாலும் போகாது.

இதற்கு மாற்று, யாரும் படித்துப் பார்க்கக்கூடிய திறந்த நிரல். திறந்த நிரல் என்றால் பிழையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை, திறந்த நிரலில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. ஆனால் தெரிந்த பிறகு எங்கே பிழை, எப்படித் திருத்தினார்கள் என்று யார் வேண்டுமானாலும் படிக்க முடிந்தது. பூட்டிய ஃபர்ம்வேரில் நிறுவனம் தரும் திருத்தத்தை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கோர்பூட் என்ற திறந்த ஃபர்ம்வேர் 1999இலேயே தொடங்கியது. இன்று குரோம்புக் என்ற மடிக்கணினிகளில் அதுதான் ஓடுகிறது. ஆகவே, முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

வன்பொருள்தான் கடினமான இடம். ஃபர்ம்வேரைச் சில்லிலிருந்து படித்தெடுத்து, வெளியிட்ட மூல நிரலோடு ஒப்பிட்டுவிடலாம். சில்லையே எதோடு ஒப்பிடுவது? வரைபடம் திறந்திருந்தாலும், கையில் இருப்பது அந்த வரைபடத்தின்படி செய்ததுதானா? சிங்கப்பூரில் இருக்கும் வன்பொருள் வல்லுநர் ஆண்ட்ரூ ஹுவாங் இதற்கு ஒரு வழி காட்டினார். சில்லு செய்யும் சிலிக்கானை அகச்சிவப்பு ஒளி ஊடுருவும். முதுகுப்புறம் உறை மூடாத சில்லில் அந்த ஒளியைப் பாய்ச்சி, சற்றே மாற்றிய கேமராவில் பார்த்தால் உள்ளே எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தெரியாது. ஆனாலும் பெரிய ஏமாற்று வேலை நடந்திருந்தால் மறைப்பது கஷ்டம்.

இந்த வேலைக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் எது? இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் இங்கேதான் திறந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து காலமெல்லாம் சில்லைச் சோதித்த அக்காமார், அண்ணன்மார் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அந்தத் திறமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், அடுத்த முறை பள்ளிக்கோ சங்கத்துக்கோ கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்: இதன் ஃபர்ம்வேர் திறந்ததா? நன்றி, வணக்கம்.