எட்டு நாள் சரக்கு

நேயர்களே, வணக்கம்.

உங்கள் வீட்டில் ரவை டப்பாவையோ கம்பு மூட்டையையோ நாலு மாதம் தொடாமல் வைத்திருந்து திறந்து பாருங்கள். தானியம் நூல் கட்டி, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வெளுத்த புழு நெளியும். மூடியைத் தூக்கியதும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி முகத்துக்கு நேரே பறக்கும். அந்த அந்துப்பூச்சியைத்தான் பதினோரு வருடமாக நான் வளர்க்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், ஓட்டு வீட்டின் பின்கட்டில் மூன்று அறைகள். நானும் இன்னும் நான்கு பெண்களும் வேலை செய்கிறோம்.

ஆரம்பத்தில் ஆறு மாதம் என் மாமியார் என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஊரே வேப்பிலை போட்டு வெரட்டுற பூச்சிக்கு நீ கம்பு ஒடைச்சுப் போடுறியே" என்பார். இன்று கம்பு புடைத்துத் தருவதே அவர்தான்.

அந்துப்பூச்சியை நாங்கள் விற்பதில்லை. அதன் முட்டை மட்டும்தான் எங்களுக்கு வேண்டும். அந்த முட்டைக்குள் டிரைக்கோகிரம்மா என்ற குளவியை வளர்க்கிறோம். குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைத்துவிடாதீர்கள். இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளங்கையில் நூறு இருந்தாலும் தூசி விழுந்திருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். இந்தக் குளவி மற்றப் பூச்சிகளின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். பிறகு அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும்.

கரும்பு விவசாயிகளுக்கு இதன் அருமை தெரியும். இடைக்கணுப்புழு கரும்புக்குள் துளைத்துப் போய்விட்டால் எந்த மருந்தும் அதை எட்டாது. நாலு மாதம் தாண்டிய கரும்புக்குள் மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழையவும் முடியாது. புழுவாகும் முன், முட்டையிலேயே பிடித்தால்தான் உண்டு. அதற்கு இந்தக் குளவியை விட்டால் வேறு நல்ல ஆள் கிடையாது.

இந்தத் தொழிலில் எனக்கு நம்பிக்கை வந்தது வேறொரு குளவியைப் பார்த்து. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. அப்புறம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. எங்கள் அப்பா வைத்திருந்த அரை ஏக்கர் மரவள்ளி வெள்ளை பூத்தது போல் ஆகிவிட்டது. அவர் அடிக்காத மருந்தில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பரிசோதித்து, வளர்த்து, விட்டார்கள். அது தானே பரவியது. மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஒன்று இத்தனை பெரிய காரியத்தைச் செய்ததை வயலில் நின்று பார்த்தவள் நான்.

அந்தக் குளவிக்கும் என் குளவிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது ஒரு தடவை விட்டால் நிலைத்துப் பெருகிவிடும், யாரும் அதை வைத்துக் கடை போட வேண்டியதில்லை. டிரைக்கோகிரம்மா நம் வயல்களில் தானாகவே இருக்கிறது, ஆனால் பூச்சி முட்டையிடுகிற அந்தச் சில நாட்களில் வேண்டிய எண்ணிக்கையில் இருப்பதில்லை. அந்தக் குறையை அந்த நாளில் நிரப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதனால்தான் இது வியாபாரமாக நிற்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் பேசினுக்கு இரண்டரைக் கிலோ உடைத்த கம்பு. அதை முதலில் சூடாக்கி, ஏற்கெனவே அதிலிருக்கும் வண்டு, செள்ளு என்கிற பொடிப் பேன் எல்லாம் சாகச் செய்கிறோம். ஆறிய பிறகு 100 கிராம் வேர்க்கடலைப் பொடி, 5 கிராம் ஈஸ்ட், செள்ளு வராமலிருக்க 5 கிராம் நனையும் கந்தகம் சேர்த்துக் கலக்குகிறோம். அதன் மேல் அரை சி.சி., அதாவது அரை மில்லி அளவு, அந்துப்பூச்சி முட்டையைத் தூவி, காடாத் துணியால் வாயைக் கட்டிவிடுகிறோம். நாற்பது நாள் போனால் அந்துப்பூச்சி வெளிவர ஆரம்பிக்கும். தினமும் காலையில் துணியை விலக்கி ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். வலை அடித்த டிரம்மில் விட்டு, பஞ்சில் தேன் தண்ணீர் வைத்தால் இரவெல்லாம் முட்டையிடும். முட்டை வலை வழியாகக் கீழே தாளில் விழும்.

அந்த முட்டையைப் பார்க்க வேண்டும் நீங்கள். வெள்ளை ரவையை இன்னும் இரண்டு தடவை சலித்தது போல் இருக்கும். பூச்சியின் செதிலும் காலும் கலந்து கிடக்கும். தாளைச் சரித்துப் பிடித்து விரலால் மெல்லத் தட்டினால் நல்ல முட்டை உருண்டு வரும், செதில் தங்கிவிடும். எங்களிடம் வேலை செய்யும் ஒரு அக்காவின் கை இதற்கென்றே பிறந்த கை. சல்லடை தோற்றுப்போகும்.

செதில் என்று சொன்னேன், அதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிரும் அந்தத் தூள் மூச்சில் போனால் இளைப்பு வரும். ஆரம்பத்தில் நாங்கள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தோம். இரண்டாவது வருடம் எங்களில் ஒருவருக்கு ராத்திரியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அன்றைக்கே நல்ல முகக்கவசம் வாங்கினேன். பூச்சியைப் பிடிக்க உறிஞ்சுகிற மெஷின் வாங்கினேன். இந்தத் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் கம்புக்கு முன்னால் இதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்த முட்டையைப் புற ஊதா விளக்கின் கீழ், மூடிய பெட்டிக்குள் வைக்கிறோம். முட்டைக்குள்ளிருக்கும் கரு செத்துவிடும், ஆனால் முட்டை கெடாது. குளவிக்குஞ்சு தின்று வளர அது போதும். பிறகு அட்டையில் கோந்து தடவி முட்டையைத் தூவுகிறோம். 1 சி.சி. என்றால் சுமார் 20,000 முட்டை. அந்த அட்டையைப் பாலித்தீன் பைக்குள் போட்டு, குளவி வெளிவரப்போகிற தாய் அட்டை ஒன்றையும் உள்ளே வைத்துக் கட்டுகிறோம். ஆறு பங்கு முட்டைக்கு ஒரு பங்கு தாய் அட்டை. அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாம் நாள் அட்டை பழுப்பாகும். நாலாம் நாள் எள்ளைத் தூவியது போல் கறுக்கும். கறுத்தால் குளவி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஏழாம் நாள், எட்டாம் நாள் ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். ஆக, கறுத்த நாளிலிருந்து பொரிக்கிற நாள் வரை, மூன்றே மூன்று நாள். அதற்குள் அட்டை விவசாயியின் கையில் இருக்க வேண்டும், கரும்பின் இலையடியில் பின் அடித்திருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் 10 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடலாம். ஆனால் நாள் ஏற ஏறக் குளவியின் வலு குறையும். நான் தள்ளிப்போட்ட சரக்கைக் கொடுத்தால் அதைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

விதை விற்கிறவரும் உரம் விற்கிறவரும் மூட்டை விற்கிறார்கள். நாங்கள் நாட்களை விற்கிறோம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் நிறைய நஷ்டமும் ஆனது.

ஒரு சித்திரை மாதம். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் இருபது அட்டை கேட்டார். பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். கவர் எஞ்சின் மூடி மேல் நாலு மணி நேரம் இருந்திருக்கிறது. அவர் பின் அடித்தார், காத்திருந்தார், ஒன்றும் வெளிவரவில்லை. வெந்துபோன முட்டையிலிருந்து என்ன வரும்? அதற்குப் பிறகு இரவு பஸ் தவிர வேறு எதிலும் அனுப்புவதில்லை. கவரின் மேலேயே "உயிருள்ள பூச்சி, எஞ்சின் மேல் வைக்காதீர்கள்" என்று எழுதுகிறேன்.

அது பஸ்ஸில் நடந்தது. முழுக்க என் கையால் நடந்த தவறும் ஒன்று உண்டு. ஒரு நாள் காலையில் எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். மடித்த துண்டைப் பிரித்து என் அட்டையைக் காட்டினார். அதில் நூல் போல வெள்ளைப் புழு ஊர்ந்துகொண்டிருந்தது. "ஏம்மா, புழுவ ஒழிக்க ஒங்கிட்ட வந்தா நீ புழுவையே விக்கிறியே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் புழு கரும்பை ஒன்றும் செய்யாது. தானியத்தை மட்டும்தான் தின்னும். ஆனால் பொரித்து வந்த அந்தப் புழு பக்கத்திலிருக்கும் முட்டைகளைத் தின்றுவிடும், குளவி இருக்கும் கறுத்த முட்டையையும் சேர்த்து. புற ஊதா விளக்கு தினமும் நீலமாகத்தான் எரிந்தது. எரிகிறதே என்று நானும் இருந்துவிட்டேன். அந்த விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் அப்படியே இருக்கும், கருவைக் கொல்லும் சக்தி மட்டும் இறங்கிப்போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த வாரம் போன அட்டை அத்தனைக்கும் புது அட்டை கொடுத்தேன். இப்போது விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று தினமும் எழுதுகிறோம்.

இன்னொரு வழக்கமும் அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு ஈட்டிலும் ஓர் அட்டையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சு அடைத்து, தேதி எழுதி வைத்துக்கொள்கிறேன். விவசாயி போன் செய்து "வரலைம்மா" என்றால் முதலில் அந்தக் குழாயைத்தான் எடுத்துப் பார்ப்பேன். லென்ஸ் வைத்து ஓட்டை விழுந்த முட்டையை எண்ணுவேன். நூற்றுக்குத் தொண்ணூறு பொரித்திருந்தால் அவர் வயலில் என்ன நடந்தது என்று பேசுவோம். பெரும்பாலும் முதல் நாள் மருந்து அடித்திருப்பார்கள், அல்லது எறும்பு தின்றிருக்கும். என் குழாயிலும் பொரிக்கவில்லை என்றால் பேச்சே கிடையாது, புது அட்டை போகும்.

பிராக்கான் என்று ஒரு குளவி இருக்கிறது. தென்னைக் கருந்தலைப்புழுவை அடக்க அதை வளர்த்து விடுகிறார்கள். தென்னை விவசாயிகள் கேட்டார்கள் என்று பக்கத்து அறையில் அதையும் தொடங்கினேன். ஒரு சாயங்காலம் கதவு சரியாகச் சாத்தவில்லை. பிராக்கானுக்கு அந்துப்பூச்சியின் புழு என்றால் விருந்து. கொட்டி மயக்கி, மேலேயே முட்டையிட்டுவிடும். இரண்டு வாரத்தில் என் பேசின்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. அங்கே காப்பாற்றுகிற பூச்சி இங்கே குடியைக் கெடுத்தது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வளர்க்காதீர்கள் என்று பயிற்சியில் சொல்லித்தான் தந்தார்கள். நான்தான் கேட்கவில்லை. அந்த அறையை மூடிவிட்டேன்.

சிலந்தி கிடைக்குமா என்று நெல் விவசாயிகள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெல் வயலில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதில் சிலந்திக்கு நிகரில்லை. ஆனால் ஒரே பாட்டிலில் நாலு சிலந்தி வைத்தால் மறுவாரம் ஒன்றுதான் இருக்கும். ஒன்றையொன்று தின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, தனிச் சாப்பாடு கொடுத்து வளர்த்தால் எந்த விவசாயியும் வாங்கக் கட்டாது. அதனால் "காசு வேண்டாம், வைக்கோலைச் சிறு கட்டாகக் கட்டி வயலில் அங்கங்கே வையுங்கள், சிலந்தி தானே வந்து ஒண்டும்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரைக்கோடெர்மா வேறு, டிரைக்கோகிரம்மா வேறு. முதலாவது வேரழுகலுக்குப் போடுகிற பூஞ்சாணப் பொடி. இரண்டாவது பூச்சி. பெயரைப் பாதி கேட்டுக்கொண்டு வந்து, என் அட்டையைச் சாணத்தில் கலந்து வயலில் போட்ட தம்பி ஒருவர் உண்டு. அவர்மேல் தப்பில்லை, நாங்கள்தான் நன்றாகச் சொல்ல வேண்டும்.

கரும்புக்கு நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு 1 சி.சி. வீதம் ஆறு தடவை கட்டுங்கள். டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்று கேட்டு வாங்குங்கள். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் என்ற வகை, இலைச்சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ், ஏக்கருக்கு 2 சி.சி. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக, வெயில் நேரே படாமல் இலையின் அடியில் பின் அடியுங்கள். காலையில் சீக்கிரம் அல்லது சாயங்காலம். முன்னும் பின்னும் ஒரு வாரம் மருந்து அடிக்காதீர்கள். விற்கிறவரிடம் "எத்தனை சி.சி." என்று மட்டும் கேட்காதீர்கள். "என்றைக்குப் பொரிக்கும்?" என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.

தொழில் தொடங்க விரும்புகிறவர்கள் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நானும் அங்கேதான் கற்றேன். தாய் வளர்ப்புக்கு முட்டையும் குளவியும் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தில் கிடைக்கும். வருடக்கணக்காகச் சொந்த அட்டையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் குளவி நலிந்துபோகும். அவ்வப்போது புது ரத்தம் சேர்க்க வேண்டும்.

வீட்டில் இப்போது முப்பது அட்டை மூன்றாம் நாளில் இருக்கிறது. நாளைக் காலையில் கறுத்திருக்கும். நாளை இரவு பஸ்ஸில் சின்னசேலத்துக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவர் புழு காட்டிய அதே பெரியவரின் மகன். அப்பா இப்போது இல்லை. அட்டை கைக்கு வந்ததும் அவர் செய்ததைப் போலவே மகனும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கறுத்திருக்கு அக்கா" என்று எனக்குப் போன் செய்வார்.

வணக்கம்.