உலோகத்தின் பிடி

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

தெல்லிப்பழை வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெற்றுவந்த உறவினர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தபோது, கட்டிலருகே இருந்த அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: “தம்பி, மருந்து ஒரு போத்தல்தானே. அதுக்கு முன்னுக்கும் சேலைன், பின்னுக்கும் சேலைன். ஏன் இவ்வளவு உப்புத் தண்ணி?” பல ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்த எனக்கு, இதைவிடச் சரியான கேள்வியை எந்த மாணவரும் கேட்டதாக நினைவில்லை. அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப்போகிறேன்.

அவருடைய கணவருக்கு ஏற்றப்பட்ட மருந்து சிஸ்பிளாற்றின். வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் நீங்காத நம் ஊர்களில் வாய்ப்புற்றுநோய் புதிதல்ல. வாயிலும் தொண்டையிலும் வரும் புற்றுநோய்களுக்குக் கதிர்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கப்படும் முக்கியமான மருந்து இது. நடுவில் பிளாற்றினம் என்னும் உலோகத்தின் ஓர் அணு, அதைச் சூழ ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அமோனியா, இரண்டு குளோரைட்டு: இதன் அமைப்பு அவ்வளவே. இதில் காபன் அணு ஒன்றுகூட இல்லை. இந்தச் சேர்வையை 1844ஆம் ஆண்டளவில் இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே தயாரித்தார். 1893இல் அல்பிரட் வேர்னர் அதன் வடிவத்தை உய்த்தறிந்தார். இருவருக்கும் அது மருந்தென்று தெரியாது.

அது தெரியவந்தது 1960களில், அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில். பார்னற் றோசன்பேர்க் என்னும் இயற்பியலாளர், மின்புலம் பற்றீரியாக்களின் பிரிவைப் பாதிக்குமா என்று அறிய, பிளாற்றின மின்வாய்களை அவற்றின் வளர்ப்பூடகத்தில் வைத்து மின்னோட்டம் செலுத்தினார். பற்றீரியாக்கள் சாகவில்லை, ஆனால் பிரியவும் இல்லை, இயல்பான நீளத்தைப்போல் முந்நூறு மடங்குவரை நூல்போல நீண்டுகொண்டே சென்றன. காரணம் மின்புலமே என்று எண்ணிப் பேசாமலிருந்திருக்கலாம். அவரும் அவருடைய குழுவினரும் அப்படி விடவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, மின்வாயிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்த பிளாற்றினம் ஊடகத்திலிருந்த அமோனியாவோடும் குளோரைட்டோடும் சேர்ந்து உண்டாக்கிய சேர்வைகளே காரணம் என்று கண்டு 1965இல் வெளியிட்டார்கள். கலப் பிரிவை நிறுத்துவது கட்டுக்கடங்காமல் பிரியும் புற்றுக்கலத்தையும் நிறுத்துமா என்று கேட்டு எலிகளில் பரிசோதித்த முடிவு 1969இல் வெளிவந்தது. 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. உடலெங்கும் பரவிவிட்ட விதைப் புற்றுநோயில் அதுவரை மிகச் சிலரே பிழைத்தனர். இம்மருந்து வந்தபின் பெரும்பாலானோர் குணமடைந்தனர். புற்றுநோய் மருத்துவத்தில் இதற்கு ஈடான மாற்றங்கள் அரிது என்பது என் கருத்து.

இனி உப்பின் கதைக்கு வருகிறேன். நம் குருதியில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறக்குறைய 100 மில்லிமூல் அளவில் இருக்கிறது. கலத்தினுள்ளேயோ அதில் ஒரு சிறு பங்குதான். குருதியில் குளோரைட்டு நிறைந்திருக்கும்வரை, பிளாற்றினத்தைப் பற்றியிருக்கும் இரண்டு குளோரைட்டுகளும் பெரும்பாலும் தம் இடத்திலேயே இருக்கின்றன. கலத்தினுள் நுழைந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுவிட, அந்த இடத்தில் நீர் மூலக்கூறு வந்து அமர்கிறது. நீரின் பிடி இலகுவானது. ஆகவே அது விலக, பிளாற்றினம் டி.என்.ஏ.யிலுள்ள குவானின் என்னும் பகுதியின் நைதரசனைப் பற்றிக்கொள்கிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைப் பற்றும்போது டி.என்.ஏ. இழை வளைந்துபோகிறது. வளைந்த இழையைச் சரியாகப் படியெடுக்க முடியாமலும் பழுதுபார்க்க முடியாமலும் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. இதே அணுக்களைக் கொண்டு, குளோரைட்டுகள் எதிரெதிர் மூலைகளில் இருக்கும்படி செய்த சேர்வையால் அந்த வளைவை உண்டாக்க முடியாது. அது மருந்தாகவும் பயன்படவில்லை.

வைத்தியசாலையில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. போத்தலிலுள்ள உப்பு, மருந்து கலத்தை அடையுமுன் குளோரைட்டை இழந்துவிடாமல் காக்கிறது. முன்னும் பின்னும் ஏற்றப்படும் நீரோ சிறுநீரகத்துக்காக. பிளாற்றினம் அங்கே செறிந்து தங்கினால் சிறுநீரகம் கெடும் என்பதால் அதைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். தாதியர் சிறுநீரின் அளவைக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். தயவுசெய்து அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

சிறுநீரகத்தோடு காதுக்கும் நரம்புக்கும் இம்மருந்து தீங்கு செய்யக்கூடியது. எனவே அடுத்து வந்த வடிவமைப்பாளர்கள் ஒரே ஒரு விடயத்தில் கை வைத்தார்கள்: உலோகத்தை விட்டு எது விலகுகிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதில். இரண்டு தனிக் குளோரைட்டுகளுக்குப் பதிலாக, இரு முனைகளாலும் பிளாற்றினத்தைப் பற்றும் ஒரே மூலக்கூறை வைத்தார்கள். இவ்வகைப் பிணைப்புக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நண்டு பிடித்த விரலை எளிதில் விடாது என்பது நம் கரையோர மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படிப் பிறந்த கார்போபிளாற்றின் மெதுவாகவே பிடி தளர்வதால் சிறுநீரகத்தை அதிகம் வருத்துவதில்லை. ஆனால் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளைக் குறைத்துவிடும். பிடி தளர்ந்தபின் எஞ்சும் பகுதி இரண்டு மருந்துகளிலும் ஒன்றே என்பதால், ஒன்றுக்குப் பணியாத புற்றுநோய் பெரும்பாலும் மற்றதற்கும் பணிவதில்லை.

ஒக்சாலிபிளாற்றினில் விலகாமல் நிற்கும் பகுதியையே மாற்றினார்கள். அமோனியாக்களின் இடத்தில் ஒரு வளையம் வந்தது. பெருங்குடல் புற்றுநோயில் சிஸ்பிளாற்றினால் முடியாததை இது செய்கிறது. இதனைச் சேலைனில் கலக்கக் கூடாது, ஏனெனில் குளோரைட்டு இதைச் சிதைத்துவிடும்; ஆகவே குளுக்கோசுக் கரைசலில் ஏற்றுவார்கள். இம்மருந்து பெறுபவர்கள் சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரைக் குடிக்கவோ குளிர்ச்சியான பொருளைத் தொடவோ கூடாது. நரம்புகள் குளிருக்குக் கூச்சமுற்று, தொண்டை இறுகுவதுபோலவும் விரல்கள் விறைப்பதுபோலவும் இருக்கும்.

பிளாற்றினத்தைக் கடந்து வேறு உலோகங்களை நாடிச் சென்றவர்களும் உண்டு. தைத்தேனியச் சேர்வைகள் மனிதரில் பரிசோதிக்கப்பட்டன; நீரில் விரைவாகச் சிதைந்தமையால் நிலைபெறவில்லை. இத்தாலியின் திரியெஸ்தே நகரிலும் வியன்னாவிலும் உருவான ருத்தேனியச் சேர்வைகள் நோயாளர் பரிசோதனைவரை வந்து பெரும் நம்பிக்கையைத் தந்தன, இன்னும் மருந்தாகவில்லை. பலாதியம் கொண்ட ஒரு சேர்வை 2017இல் ஐரோப்பாவில் ஆரம்பநிலைப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஒளிபடும்போது மட்டுமே அது வேலை செய்யும்.

கடைசியாக, நம் வீடுகளைச் சேர்ந்த ஒரு விடயம். உலோகத்தை மருந்தாக்குவது சித்த வைத்தியம் அறிந்த தமிழருக்கு வியப்பல்ல. வெள்ளைப் பாஷாணம் என்று நாம் அறிந்த ஆசனிக்குச் சேர்வையே ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோய்க்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம் என்று அளந்து, இதயத் துடிப்பைப் பதிவுசெய்து கவனித்தபடி அதை ஏற்றுகிறார்கள். அந்த அளவும் கண்காணிப்பும் இல்லாவிட்டால் அது பாஷாணமே. பிளாற்றின மருந்து ஏற்றும் நாட்களில் வீட்டில் உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பமோ செந்தூரமோ எடுக்கிறவர்கள் இருந்தால், சிறுநீரகம் இரண்டு சுமைகளை ஒருசேரச் சுமக்க நேரலாம். மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையே எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த மருந்துக்கு முன் செய்யும் இரத்தப் பரிசோதனையின் முடிவை அவர் சரியாக விளங்கிக்கொள்ள அது உதவும்.

நன்றி, வணக்கம்.