கடல் கடந்த படிப்பும் மாறிவரும் குடிநுழைவு விதிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இரண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, கல்விக்கென்று யார் வந்து நின்றாலும் வெறுங்கையோடு அனுப்பாத டத்தோ அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றி வழங்கிய ஆலய நிர்வாகத்தினரே, பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். டத்தோ அவர்கள் சென்ற ஆண்டும் இதே மேடையில் அமர்ந்து இறுதிவரை கேட்டுவிட்டுத்தான் புறப்பட்டார்கள் என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். வெளிநாடுகளின் மாணவர் விசா விதிகள் எப்படி மாறியிருக்கின்றன என்பது முதலாவது. அந்த மாற்றம் நம் குடும்பங்களின் சேமிப்பை எப்படித் தொடுகிறது என்பது இரண்டாவது. உள்நாட்டிலேயே இருக்கும் வாய்ப்புகள் மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவாக நம் முன்னோர் ஒரு பழமொழியை விட்டுச் சென்றிருக்கிறார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஆஸ்திரேலியாவை முதலில் எடுத்துக்கொள்வோம். மாணவர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 710 ஆஸ்திரேலிய வெள்ளியாக இருந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி அது 1,600 ஆயிற்று. அடுத்த ஆண்டு அதே தேதியில் 2,000 ஆயிற்று. நம் பணத்தில் ஐயாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் இந்தத் தொகை, விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது. பிரிட்டனில், பட்டம் பெற்றபின் ஈராண்டு தங்கி வேலை பார்க்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2027 ஜனவரி 1 முதல் அதற்கு விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் பெற்றோரைத் தவிர, பதினெட்டு மாதங்களே கிடைக்கும். அதாவது 2026 செப்டம்பரில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேரும் நம் பிள்ளை, படித்து முடிக்கும்போது பழைய விதியின் கீழ் இருக்க மாட்டார். அதன்பிறகு அங்கே வேலை விசா பெறுவதற்கான பொது ஊதிய வரம்பும் 26,200 பவுண்டிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகி, 2025 ஜூலையில் 41,700 ஆகியிருக்கிறது. புதிய பட்டதாரிகளுக்கு இதைவிடக் குறைந்த வரம்பு உண்டு என்றாலும், அதுவும் ஏறிக்கொண்டுதான் வருகிறது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் ஒருவர் காட்ட வேண்டிய பணம் பத்தாயிரம் கனடிய டாலரிலிருந்து 20,635ஆகவும், 2025 செப்டம்பர் முதல் 22,895ஆகவும் உயர்ந்தது. அமெரிக்கா 2025 மே மாத இறுதியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நாள் கொடுப்பதையே நிறுத்தி வைத்தது. ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றது.

எந்த நாடும் தன் வாசலைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும். அதில் நாம் குறை காண்பதற்கில்லை. என் கவலையெல்லாம், இந்தச் செய்தி நம் வீட்டு வாசலுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பற்றியது.

பிறையைச் சேர்ந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தொழிற்சாலையில் பொறியாளர், முப்பத்தாறு வயது, மனைவி, இரண்டு குழந்தைகள். மெல்பர்னில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு முடித்து, அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டு வரலாம் என்பது திட்டம். ஏஜெண்டும் அப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அப்பா தோட்டத்தில் உழைத்து வாங்கிய தரை வீட்டின் பேரில் வங்கிக் கடன் எடுத்தார்கள். அம்மா தன் வளையல்களை அடகுக் கடையில் வைத்தார். “போய் வந்து மீட்டுக் கொடுப்பான்” என்று அண்டை வீட்டாரிடம் பெருமையாகவே சொன்னார். 2024 ஜனவரியில் முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டினார்கள். பயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய உறவினர்கள் சென்றார்கள். பாட்டி திருநீறு பூசினார், மாமா மாலை போட்டார், சின்னவள் அப்பாவின் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியும் அங்கே நன்றாகவே படித்தார்.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, படித்து முடித்தோருக்கான வேலை விசாவின் வயது உச்சவரம்பை ஐம்பதிலிருந்து முப்பத்தைந்தாக ஆஸ்திரேலியா குறைத்தது. ஆய்வுப் பட்டம் படிப்போருக்கு விலக்கு உண்டு. வகுப்பறைப் படிப்பில் இருந்த இவருக்கு இல்லை. பட்டத்தோடு திரும்பி வந்தார். வீட்டுக் கடனை இப்போது ரிங்கிட் சம்பளத்தில் கட்டுகிறார். வளையல்கள் இன்னும் மீட்கப்படவில்லை.

அன்பர்களே, இது திடீரென்று விழுந்த இடியன்று. வயது வரம்பைக் குறைக்கப்போவதாக ஆஸ்திரேலிய அரசாங்கம் 2023 டிசம்பரிலேயே தன் குடிநுழைவுத் திட்ட அறிக்கையில் வெளியிட்டுவிட்டது. இந்தக் குடும்பம் பணம் கட்டியது அதற்கு அடுத்த மாதம். அரசாங்க வலைத்தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய அந்த வரியை அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஏஜெண்டுகளில் நல்லவர்களை நான் அறிவேன். ஆயினும் மாணவரைச் சேர்த்துவிட்டதற்காகப் பல்கலைக்கழகத்திடம் தரகுத் தொகை பெறுகிறவரிடம் “போகலாமா, வேண்டாமா” என்று கேட்பது முறையான கேள்வியாகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். அளக்கும் படி நம் கையில் இருக்க வேண்டாமா?

அதனால்தான் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் போகும் மேடைதோறும் ஒன்றையே கேட்டு வருகிறேன். ஆலய மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கல்வி வழிகாட்டி மேசை வேண்டும். பூசை முடிந்து மக்கள் அன்னதானத்துக்கு அமரும் நேரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கணினியோடு பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் அங்கே இருந்தால் போதும். அந்தந்த நாட்டின் குடிநுழைவுத் துறை வலைத்தளத்தை அன்றைக்கே திறந்து, பெற்றோருக்குத் தமிழில் படித்துச் சொல்லி, படித்த தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைய விதியைச் சொல்வதோடு நில்லாமல், அறிவிக்கப்பட்டு இன்னும் நடைமுறைக்கு வராத விதிகளையும் தேடிச் சொல்ல வேண்டும். நம் தம்பியை வீழ்த்தியது அப்படிப்பட்ட ஒன்றுதான். படிப்பு முடியும்போது பிள்ளைக்கு என்ன வயது, துணைவரை அழைத்துச் செல்ல அனுமதி உண்டா, பிரிட்டனுக்கான பணம் இருபத்தெட்டு நாள் தொடர்ந்து கணக்கில் இருக்குமா என்பவற்றை அந்த மேசை கேட்க வேண்டும். மலேசியர்கள் பிரிட்டனுக்குப் பெரும்பாலும் வங்கிச் சான்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதிகாரி கேட்டால் காட்டியாக வேண்டும் என்பதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கும் ஒவ்வொரு தந்தையும் அந்த மேசைக்கு வந்துவிட்டுப் போனாலே பாதித் துயரம் குறையும்.

உள்நாட்டு வாய்ப்புகளைப் பற்றி, மோனாஷ், நாட்டிங்ஹாம் போன்ற பல்கலைக்கழகங்கள் இங்கேயே வளாகம் நடத்துகின்றன என்பதை மட்டும் நேரம் கருதிச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

1960இல், அன்று அமைச்சராக இருந்த நம் சமுதாயத் தலைவர் துன் சம்பந்தன் அவர்கள் தோட்டப் பாட்டாளிகளின் சிறு தொகைகளைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார்கள். நான் கேட்கும் மேசைக்கு அந்த அளவு பணமும் தேவையில்லை. ஒரு மின்செருகி, இணையத் தொடர்பு, நான்கு நாற்காலிகள், வாரம் மூன்று மணி நேரம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லி வளர்த்த சமுதாயம் இதைச் செய்ய முடியும்.

ஆகவே மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் தம் தொகுதியில் முதல் மேசையைத் தொடக்கி வைக்க வேண்டுமென்றும், ஆலய நிர்வாகம் இந்த மண்டபத்தின் வலப்பக்க அறையை ஞாயிறு காலைகளில் அதற்கு ஒதுக்கித் தர வேண்டுமென்றும் இச்சபையின் முன் வேண்டுகிறேன். ஐந்தாம் படிவ மாணவர்களின் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்துக்குள் மேசை தயாராகிவிட வேண்டும். பணியாற்ற விரும்பும் ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும், சாப்பாட்டுக்குச் செல்லுமுன் வாசலில் நிற்கும் செயலாளரிடம் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வணக்கம்.