முதலில் இறங்கி வரவேண்டியவள் தாய்தான்

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு: 'ஊர் போகிற வழியில் போகாமல் தன் வழியில் வாழும் தாய்க்கும், பதின்பருவ மகளுக்கும் பிணக்கு வந்தால், முதலில் இறங்கி வரவேண்டியவர் தாயா, மகளா?' எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மகள்தான் என்றார். ஒரு பெண் போராடிப் பெற்ற சுதந்திரத்தை, நாலு தோழிகள் சிரிக்கிறார்கள் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் சொன்ன அந்தத் தாய் நான்.

தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டவள் நான். சாயம் படிந்த சட்டையோடு எங்கேயும் போவேன். கவிதை எழுதி மேடையில் படிப்பேன். என் மகளுக்கு அப்போது 14 வயது. ஒருநாள் அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸில் ஒரு காகிதம் கிடைத்தது. எட்டாக மடித்து, கவராயத்துக்கு அடியில் செருகியிருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பள்ளி கொடுத்த கடிதம். தேதி போன மாதம். மடிப்புகளில் எழுத்தே அழிந்திருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பார்த்து, தரலாமா வேண்டாமா என்று தவித்து, மறுபடி மடித்திருப்பாள்!

அன்று நான் அதை யோசிக்கவில்லை. "ஊருக்குப் பயப்படுகிற கோழை" என்று திட்டினேன். என் மகளை, என் வாயால்.

நடுவர் அவர்களே, என் அணியின் வாதம் இதுதான். தாய் தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்தாள், அதற்கான விலையைத் தெரிந்தே கொடுத்தாள். மகள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 'தாயைப் போல பிள்ளை' என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தப் பழமொழியோடுதான் அந்தப் பெண் தினமும் வகுப்புக்குள் நுழைகிறாள். என்னைப் பார்த்து ஏறி இறங்கும் கண்கள் அடுத்து அவளைத்தான் பார்க்கின்றன.

'நாலு பேர் சிரித்தால் என்ன?' என்று 40 வயதில் கேட்பது எளிது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று பதின்பருவத்தில் தோன்றுவதை, 1967இலேயே டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டு எழுதினார். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 8 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, 'உன் வயதுள்ள ஒருவர் இப்போது கேமராவில் உன்னைப் பார்க்கிறார்' என்று மட்டும் சொன்னார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அதற்கே பதின்பருவத்தினருக்குக் கூச்சமும் படபடப்பும் சிறுவர்களைவிட அதிகமாக ஏறின. வெறும் பார்வைக்கே இப்படி என்றால், பள்ளி வாசலில் நிஜமாகவே சிரிப்பவர்கள் நடுவே நிற்கிற பெண்ணைக் கோழை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஓர் இரவு அவள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னதை நான் கவிதையாக்கி மேடையில் படித்தேன். அவளிடம் கேட்கவே இல்லை. ஐ.நா. சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. எதிரணி உரிமை, உரிமை என்கிறது. சரி, அது வீட்டில் ஒருவருக்கு மட்டும்தானா?

தாய் முடி வளர்க்க வேண்டும், சேலைக்கு மாற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. 'உனக்கு எது வலிக்கிறது?' என்று முதலில் போய்க் கேட்கச் சொல்கிறோம். ஊரை எதிர்த்து நிற்கிற சண்டையை நான் எப்போதோ முடித்துவிட்டேன். அவள் இப்போதுதான் தன் சண்டையைத் தொடங்குகிறாள். அவள் கேட்டது சாதாரணமான ஒரு வாழ்க்கை. என் வீட்டில் அதைக் கேட்கத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கேட்டேன்: "நான் வரட்டுமா? வந்தால் எங்கே நிற்கட்டும்?" ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாசல்ல வேண்டாம்மா, பின்னாடி மரத்தடியில நில்லு" என்றாள். அதே முடி, அதே சட்டை. மரத்தடியில் நின்றேன்.

இறங்கிப் போனால் மகள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்றார் எதிரணித் தோழி. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? வகுப்பில் ஒருவன் என் தலையைப் பற்றிச் சொன்னதை இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அதை என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

நன்றி, வணக்கம்.