கதவுக் குழியில் நான்கு காசு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'யூத மரபில் தர்மம் சிறப்பது கொடுப்பதாலா, கொடுக்கும் விதத்தாலா?' என்பது தலைப்பு. விதத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, யூதர்களின் சட்டமும் கதைகளும் அடங்கிய தால்முத் நூலில் வரும் நகூம் என்ற அறிஞரின் கதையைச் சொல்லிச் சபையைக் கலங்க வைத்தார். மாமனார் வீட்டுக்கு மூன்று கழுதைகளில் உணவும் பானமும் பலகாரமும் ஏற்றிக்கொண்டு போகிறார் நகூம். வழியில் ஓர் ஏழை சாப்பிடக் கேட்கிறான். 'பொறு, இறக்கிவிட்டுத் தருகிறேன்' என்கிறார். இறக்குவதற்குள் அவன் உயிர் போய்விடுகிறது. "விதம் பார்த்து நின்றால் இதுதான் கதி, முதலில் கொடு" என்றார் சகோதரி.

நகூமிடம் மனம் இருந்தது. பொருளும் மூன்று கழுதைச் சுமை இருந்தது. இல்லாமல் போனது, எதிரே நிற்பவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்கும் கண். அதைத்தான் நாங்கள் விதம் என்கிறோம். துணி கேட்பவனை விசாரிக்கலாம், சோறு கேட்பவனை விசாரிக்காதே என்று அவர்களுடைய சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. பசி காத்திருக்காது என்பதையும் யோசித்துத்தானே எழுதியிருக்கிறார்கள்?

சரி, சொல்லுக்கு வருவோம். தர்மத்துக்கு எபிரேய மொழியில் செதாக்கா என்று பெயர். நீதி என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. இரக்கம் வந்தால் கொடுக்கலாம், வராவிட்டால் விடலாம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. தர்மத்தில் பிழைக்கும் ஏழைகூடத் தன் பங்குக்குக் கொடுத்தாக வேண்டும். ஊருக்கு ஒரு பொது நிதி உண்டு. அதற்கு வசூல் செய்ய இரண்டு பேர் போதும், பங்கிட மூன்று பேர் வேண்டும். பண வழக்கைத் தீர்க்க உட்காரும் நீதிபதிகளும் மூன்று பேர்தான். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதைத் தீர்ப்புச் சொல்வதற்குச் சமமாக வைத்தார்கள், நடுவர் அவர்களே.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அறிஞர் மைமோனிடிஸ், மருத்துவரும்கூட, தர்மத்தை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். அடிப்படியில் இருப்பவர் மனவருத்தத்தோடு கொடுப்பவர். அவருக்கு ஒரு படி மேலே யார் தெரியுமா? தகுந்ததைவிடக் குறைவாகக் கொடுத்தும் முகம் மலர்ந்து கொடுப்பவர். கொடுத்தது குறைவுதான், ஆனாலும் முகத்தால் ஒரு படி ஏறிவிட்டார். கொடுப்பதுதான் எல்லாம் என்றால் இந்த வரிசை எப்படி நிற்கும்?

உச்சிப்படியில் இருப்பது, ஒருவன் பிறர் கையை எதிர்பார்க்காதபடி அவனுக்குக் கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது, வேலை தேடித் தருவது. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1892-இல் நியூயார்க்கில் வெறும் 95 டாலரை வைத்து, வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு யூதச் சங்கம் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. கடனை அடைத்த அன்று, வாங்கியவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. எனக்கு இந்தச் சங்கத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.

தால்முத்தில் இன்னொரு காட்சி. ஊரார் பார்க்க ஓர் ஏழையின் கையில் ஒருவர் காசு வைக்கிறார். அதைப் பார்த்த யூத மதகுரு ரபி யன்னாய், 'அவனை இப்படி வெட்கப்படுத்தியதற்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்' என்கிறார். எதிரணியினர் இந்த வார்த்தைக்குப் பதில் சொல்லட்டும்.

கடைசியாக, அதே தால்முத்தில் வரும் மார் உக்வா என்ற அறிஞர். அவருடைய அக்கம்பக்கத்தில் ஓர் ஏழை. தினமும் அவன் வீட்டுக் கதவுக் குழியில் நான்கு வெள்ளிக் காசைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் இந்தப் புண்ணியவான் என்று ஒருநாள் அவன் காத்திருக்கிறான். அன்று மனைவியும் உக்வாவோடு வருகிறார். கதவு அசைந்ததும் இருவரும் ஓடி ஒரு பெரிய அடுப்புக்குள் ஒளிகிறார்கள். தணலை வாரி எடுத்தாயிற்று, சூடு தணியவில்லை. உக்வாவின் கால் சுடுகிறது. மனைவிக்குச் சுடவில்லை. 'உங்கள் காலை என் கால்மேல் வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்.

"பார்த்தீர்களா, வீட்டிலிருந்து ஏழைகளுக்கு நேரில் உணவு கொடுத்த மனைவிதானே உயர்ந்தார், ஒளிந்து கொடுக்கும் விதம் எங்கே போயிற்று?" என்று எதிரணி கேட்கலாம். அந்த அம்மா சொன்ன காரணத்தைக் கேளுங்கள். 'நான் வீட்டில் இருக்கிறேன், என் உதவி உடனே பயன்படும்.' காசை வாங்கியவன் கடைக்குப் போக வேண்டும், மாவு வாங்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். அந்த அம்மா கொடுத்த உணவையோ அப்படியே வாயில் போடலாம். இருவருமே கொடுத்தவர்கள். அப்படியிருக்க, கால் சுட்டதும் சுடாததும் எதனால் என்று எதிரணி சொல்லட்டும், நடுவர் அவர்களே. தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன்.