பின்னறைத் திறப்பு

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, ஒலிபெருக்கி இரையாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குத் தந்த தம்பிமாரே, அனைவருக்கும் வணக்கம். அதிபர் ஐயாவிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்து, குட்டும் வாங்கியவள் நான். என் தலைப்பைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு "பேசு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நன்றி.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: வீட்டால் கலைக்கப்பட்ட பால்புதுமைப் பிள்ளைகள் (ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களும்), அவர்களைப் பிடிக்கும் சட்டம், நமது பாடசாலைகள்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று எங்கள் அப்பாச்சி அடிக்கடி சொல்லுவா. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமமே எழுந்து நடந்தபோதும் சொன்னா. இங்கே பாதிப்பேர் அந்த இரவில் நடந்தவர்கள்தான். மழை, சேறு, நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். அப்பா சைக்கிளில் அரிசி மூட்டை கட்டினார், அம்மா காணி உறுதிகளை நெஞ்சுக்குள் செருகினா. அப்பாச்சி தூக்கி வந்தது அம்மிக் குழவி. அம்மி இல்லை, குழவி மட்டும்! "அம்மி எங்கையும் கிடைக்கும், குழவி கைக்குப் பழக வேணும்" என்றா. (சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம், சரசாலை போய்ச் சேர்ந்த பிறகு.)

சரசாலையில் ஒரு விதவை அம்மா தன் மாட்டுக் கொட்டிலைத் திறந்துவிட்டா. நாலு குடும்பம். என்ன ஊர், என்ன ஆக்கள் என்று ஒரு கேள்வி இல்லை. எங்களோடு பக்கத்து ஊர் அண்ணை ஒருவரும் ஒதுங்கினார். அவர் நடைக்கும் கையசைவுக்கும் ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அதை இந்த மேடையில் சொல்லமாட்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் அவர், எங்களுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவதும் அவர், குழவிக்கு ஏற்ற அம்மியொன்றை எங்கோ இரவல் வாங்கி வந்ததும் அவர். அப்பாச்சி அவரை "மோனை" என்றுதான் கூப்பிட்டா.

மறு வருடம் ஊர் திரும்பினோம். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. சித்தப்பா வீட்டுக்குக் கதவு இல்லை. அந்த அண்ணையின் வீட்டில் கூரையும் இருந்தது, கதவும் இருந்தது. தகப்பன் திறக்கவில்லை.

அவர் பிறகு எங்கே போனார் என்று எங்களில் யாரும் தேடவில்லை. நானும்தான்.

இதே கதை 1966இல் சான் பிரான்சிஸ்கோவிலும் நடந்தது. டெண்டர்லொயின் என்ற நெருக்கமான பகுதியில், வீட்டால் கலைக்கப்பட்ட பிள்ளைகள் வான்கார்ட் என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கூடுவதற்கு இடம் கொடுத்தது கிளைட் என்னும் மெதடிஸ்த ஆலயம். அருட்தந்தை கவனிக்க வேண்டும்! பொலிஸ் அவர்களைக் குப்பைபோல் வாரிக்கொண்டு போனது. பிள்ளைகள் தும்புத்தடியோடு வந்து அதே தெருவைக் கூட்டினார்கள்: கூட்டுவதென்றால் நாங்களே கூட்டுகிறோம் என்று. நியூயோர்க்கில் பால்புதுமையர் பொலிசை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வோல் எழுச்சிக்கு மூன்று வருடம் முந்திய கதை இது. 1970இல் நியூயோர்க்கில் சில்வியா ரிவேராவும் மார்ஷா பி. ஜோன்சனும் தெருப்பிள்ளைகளுக்கு ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் பிள்ளைகளைப் படுக்கவைத்தது நிறுத்திக் கிடந்த ஒரு லொறிப் பெட்டியில். எலி வளைதான்! பிறகுதான் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார்கள். வான்கார்ட் தொடங்கி நாற்பத்தைந்து வருடம் கழித்து, 2011 அளவில், அதே டெண்டர்லொயினில் வீடில்லாத பிள்ளைகள் வான்கார்டின் பழைய சஞ்சிகைகளை வாசித்துத் தாங்களும் ஒன்று வெளியிட்டார்கள். தங்களுக்கு முந்திப் படுத்தவர்களை அவர்கள் தேடிப் பிடித்தார்கள்.

நமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திருநங்கைகளை அதன் பெயரால்தான் தெருவில் மறிக்கிறார்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 1883இன் பிரிவுகளை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு நிற்கிறது. பாடசாலைகளைப் பற்றி... அதிபர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார், இன்னொரு நாள்.

வீடில்லாதவனை அலைகிறாய் என்று பிடிப்பதில் என்ன நியாயம்? படுக்க இடம் கொடுத்தால் ஏன் அலைகிறான்? பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே மடம் கட்டிய சனம் நாங்கள். தெருமூடிமடத்தில் களைத்தவன் படுத்தான், எழும்பிப் போனான். யாரும் பெயர் பதியவில்லை.

இந்த நிலையத்தின் பின்னறை உங்களுக்கு நினைவிருக்கும். உடைந்த கதிரைகளும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் கிடக்கின்றன. போன ஆனியிலும் கேட்டேன், செயற்குழுவில் எழுதியும் கொடுத்தேன். இரவில் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதைத் திறந்து விடுங்கள். கதிரைகளை நானும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து வைக்கிறோம். மாதர் சங்க அக்கா எட்டுப் பாய் தருவதாக இப்போதுதான் காதில் சொன்னா. குழவி எங்கள் வீட்டில் இருக்கிறது, அதையும் தருவேன்.

செயலாளர் தம்பி, திறப்பு உங்கள் இடுப்பில்தானே தொங்குகிறது?