உள்ளூரானுக்குப் பேய்ப் பயம்

(தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிளை நூலகத்தில், நூலக வார விழாவில் பேசியது. எழுதும்போது விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேறொரு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நூலகத் துறை அதிகாரி அவர்களே, வாசகர் வட்ட நிர்வாகிகளே, மைக்கையும் நாற்காலிகளையும் காசு வாங்காமல் தந்திருக்கும் பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்து வரப்பட்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்களை அழைத்து வந்துவிட்டுக் கடைசி வரிசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியை அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நூலகரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்துக்காக இரண்டு நாளாக அலைந்தவர் அவர். மேடையில் ஏறச் சொன்னால் ஏற மாட்டேன் என்கிறார். சரி, அவர் நிற்கிற இடத்துக்கே ஒரு வணக்கம். வரவேற்புரை சொன்ன தம்பிக்கும் நன்றி. என்னைப் பற்றி அவர் சொன்னதில் பாதி என் அண்ணனைப் பற்றியது. அண்ணன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சின்னச் சின்ன உள்ளூர்ப் பத்திரிகைகளை வாசிப்பது எப்படி என்பது. மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, எப்படி வாசிப்பது. இரண்டு, அதை நடத்துகிறவர் படும் பாடு. மூன்று, அதில் வரும் தமிழ். நாற்பது நிமிடம் தந்திருக்கிறார்கள். ஏழு நிமிடம் வணக்கத்திலேயே போய்விட்டது.

நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. ‘அசலூரானுக்கு ஆற்றுப் பயம், உள்ளூரானுக்குப் பேய்ப் பயம்.’ வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு ஆற்றில் எங்கே ஆழம், எங்கே சுழல் என்று தெரியாது. அதனால் தண்ணீரைக் கண்டு பயப்படுவான். உள்ளூர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைக் கடப்பான். ஆனால் எந்தப் புளியமரத்தில் யார் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று அவனுக்குத் தெரியும். இருட்டினால் அந்தப் பக்கம் போக மாட்டான். எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டது. இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இந்த ஒரு வரிக்கு உரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆறு. பெரிய பத்திரிகையில் தாமிரபரணியில் வெள்ளம் என்று போடுவான். நமக்கு அது போதுமா? பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்றைக்குக் காலையில் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறந்திருக்கிறார்கள், கன்னடியன் கால்வாய்க்கு எவ்வளவு, கோடகன் கால்வாய்க்கு எவ்வளவு? பிசான நெல் பருவத்துக்கு நாற்று விட்டவனுக்கு இதுதான் தலைப்புச் செய்தி. டெல்லியில் யார் மந்திரியானாலும் அவன் முதலில் பார்ப்பது அந்த ஐந்து வரியைத்தான். உள்ளூர்ப் பக்கம் என்றால் இதுதான்.

உள்ளூர்த் தாளைப் பின்னாலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசிப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி. யார் போனார், பிள்ளைகள் எந்தெந்த ஊரில், எந்த மருமகன் பெயர் விட்டுப்போயிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் அறிவிப்புகள். பத்திரம் தொலைந்துவிட்டது, பெயர் மாற்றிக்கொண்டேன், குளத்தில் மீன் பிடிக்கிற உரிமைக்கான மீன்பாசி ஏலம், பட்டுப்போன மரங்கள் ஏலம், மின்தடை. ஒரு குளத்தின் மீன்பாசி ஏலம் வருஷா வருஷம் யார் பேரில் முடிகிறது என்று பத்து வருஷத் தாளை அடுக்கி வைத்துப் பாருங்கள். ஊரின் அரசியல் முழுக்கப் புரிந்துவிடும். தலையங்கம் படிக்கவே வேண்டாம்.

செய்தியை வாசிக்கும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘சிலர்.’ ‘ஆற்று மணலைச் சிலர் இரவு நேரத்தில் அள்ளுவதாகப் பொதுமக்கள் புகார் கூறுகின்றனர்.’ யார் அந்தச் சிலர்? டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். எழுதியவருக்கும் தெரியும். அந்தச் ‘சிலர்’தான் புளியமரம். உள்ளூரானுக்குப் பேய்ப் பயம் என்றேனே, அது இதுதான். பட்டணத்திலிருந்து வரும் நிருபர் மணலைப் பற்றி எழுதிவிட்டு அன்றிரவே ரயிலேறிவிடுவார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் மறுநாள் காலை அதே கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். பக்கத்தில் ‘சிலர்’ உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பார். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் ‘சிலர்’ என்று எழுதுவதற்கே எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது புரியும்.

எல்லாத் தாளும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. விளம்பரம் தராதவரை மிரட்டுகிற தாளும் உண்டு. தந்தவரை ‘கொடை வள்ளல்’ என்று எழுதுகிற தாளும் உண்டு. என் மகன் கல்யாணத்துக்கு வந்த தாளில் என்னையே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

பெரிய பத்திரிகைகளெல்லாம் பிறக்கும்போதே பெரியதாகப் பிறக்கவில்லை. ஜி. சுப்பிரமணிய அய்யர் சுதேசமித்திரனை 1882இல் வாரத்தாளாகத்தான் தொடங்கினார். அது நாளிதழ் ஆனது அப்புறம்தான். பெரியாரின் குடி அரசு 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டிலிருந்து வந்தது. அதுவும் வாரத்தாள். தினத்தந்தி 1942இல் மதுரையில் பிறந்தது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்த பிறகு 1957இல் நம் திருநெல்வேலிக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் இருந்திருக்கிறது.

இப்போது ஒரு கதை. தலைவர் அனுமதிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அச்சாபீஸ் அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கணக்குப் புத்தகம் அடிக்கிற சின்ன அச்சகம். காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மிஷின். வாரம் ஒரு நாள் கல்யாண வேலையை ஓரங்கட்டிவிட்டு நாலு பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் அடிப்பார். அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று போட்டு மூன்றுக்கும் அவர் பேரே இருக்கும். 1867ஆம் வருஷத்துச் சட்டம் அப்படிப் போடச் சொன்னது, போட்டார். செய்தி சேகரிப்பவர், எழுத்துக் கோர்ப்பவர், சைக்கிளில் போய்ப் போடுபவர் என்று இன்னும் மூன்று வேலை இருந்தது. அதைப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து லை, னை எல்லாம் மாறியபோது, புது எழுத்து வாங்கக் காசில்லாமல் பல வருஷம் பழைய கொம்பு எழுத்திலேயே அடித்தார். ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கிடக்கும்.

1992 நவம்பரில் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் அண்ணாச்சி ஒரு முழக்கோலையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருத் தெருவாகப் போனார். சுவரில் சகதிக் கோடு எங்கே நிற்கிறது என்று அளந்தார். அந்த வாரத் தாள் முழுக்க அதுதான். கீழத்தெரு வடக்கு வரிசை நாலாவது வீடு, திண்ணைக்கு மேல் இரண்டு அடி. பிள்ளையார் கோவில், மூன்றாம் படி. பால் டிப்போ, ஜன்னல் கம்பி. இப்படியே நாலு பக்கம். அப்போது நாங்கள் சிரித்தோம். “என்ன அண்ணாச்சி, வீட்டுவரி ஆபீசுல சேந்துட்டியளா?” என்று நானே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சந்தாப் பாக்கியைத்தான் கேட்டார்.

அப்புறம் 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. ராத்திரி தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. தெருப் பையன்கள் வந்து, “தாத்தா, 92ல எதுவரைக்கும் வந்துச்சு? சாமான்களை எதுவரைக்கும் தூக்கி வைக்கணும்?” என்று கேட்கிறார்கள். நான் பிள்ளையார் கோவில் மூன்றாம் படி என்றேன். எதிர்வீட்டுக்காரர் ஏழாம் படி என்றார். இன்னொருவர் கோவிலுக்குள்ளேயே வரவில்லை என்றார். மூன்று பேரும் சத்தியம் பண்ணுகிறோம். நாங்கள் மூவருமே உள்ளூர்க்காரர்கள். ஆற்றை மறந்துவிட்ட உள்ளூர்க்காரர்கள்! பழமொழி அன்றைக்கு எங்கள் விஷயத்தில் பொய்யாகிப் போனது. கடைசியில் பையன்கள் எல்லாவற்றையும் மச்சில் ஏற்றினார்கள்.

வடிந்த பிறகு அந்தத் தாளைத் தேடினேன். அண்ணாச்சி காலமாகிவிட்டார். அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. ஒரு நூலகத்துக்குப் போனேன். இந்த நூலகம் இல்லை, பேர் வேண்டாம். அங்கே வாரா வாரம் அண்ணாச்சியே கொண்டுபோய் ஒரு பிரதி போட்டிருக்கிறார். எனக்குத் தெரியும். கேட்டால், பழைய பேப்பரெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார் என்றார்கள். எடைக்கு! பழைய பேப்பர் கடையில் விசாரித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தின பேப்பரா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சந்தா கட்டியவர்கள் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் ஜாதகம் கொடுத்து மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். தாள் மட்டும் இல்லை.

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு தூரத்து ஆச்சி. அவர்கள் வீட்டுக்கு வேறு காரியமாகப் போயிருந்தேன். அடுக்களை அலமாரியில் பித்தளைத் தூக்குகளுக்கு அடியில் தாள் விரித்திருந்தது. கொம்பு வைத்த ‘லை’ கண்ணில் பட்டது. தூக்குகளை இறக்கினேன். அதேதான்! எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கரப்பான் கடித்து, ஆனால் அந்த வாரத்துத் தாளேதான். கீழத்தெரு இருக்கிறது, பால் டிப்போ இருக்கிறது. எங்கள் தெரு வரவேண்டிய மூலையைக் காணோம். கத்தரித்து எடுத்திருக்கிறது. ஆச்சியிடம் கேட்டால், “போன மாசம் மெட்ராஸ்காரிக்கு அப்பளம் பொதிஞ்சு குடுத்தேன்யா, அதுக்குக் கிழிச்சிருப்பேன்” என்றார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையார் கோவில் எத்தனையாம் படி என்பது மட்டும் மிச்சத் தாளில் இருந்தது. மூன்றாம் படிதான். எதிர்வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

இங்கேதான் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அதிகாரி அவர்கள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நம் மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால்தான் நாம் நூலக வரி கட்டுகிறோம். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்துவரி ஒரு ரூபாய்க்குப் பத்துப் பைசா. யாரும் இனாமாகக் கேட்கவில்லை. புத்தகப் பிரதிகளை நாலு பெரிய நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டம், 1956இல் செய்தித்தாள்களையும் சேர்த்துக்கொண்டது. சென்னை கன்னிமாரா அந்த நாலில் ஒன்று. நல்லது. ஆனால் கீழத்தெருத் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க நான் எழும்பூருக்குப் போக வேண்டுமா? இந்த ஊர்த் தாள் இந்த ஊரில் இருக்க வேண்டும். வெளியூர் நாளிதழ்களைத் தாராளமாக எடைக்குப் போடுங்கள். உள்ளூர்த் தாளில் மட்டும் ஒரு பிரதியை வருஷத்துக்கு ஒரு தடவை பைண்டு பண்ணி வையுங்கள். நாலு பக்கம், ஐம்பத்திரண்டு வாரம். ஒரு பள்ளிக்கூட அட்லஸ் பருமன்கூட வராது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் இல்லை, பேராசிரியர் இல்லை. பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே அவர் பேரில் ஆராய்ச்சி நூலகமாக வைக்க வழி செய்தது. சிகாகோக்காரனுக்குத் தெரிந்த அருமை!

பாரதியார் 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்று பேசினார். ஆறே வாரத்தில் அவர் இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அவரே சுதேசமித்திரனில் எழுதியிருக்கிறார். யாரோ தாளைக் கட்டி வைத்ததால் அது நம்மிடம் இருக்கிறது. சின்ன ஊர், சின்ன வாசகசாலை, இந்தக் கூட்டம் மாதிரி ஒரு கூட்டம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதாக உள்ளூர்த் தமிழைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அச்சுப் பிழைகளே ஒரு மணி நேரம் தாங்கும், இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். இரண்டாவதையும் அரைகுறையாகத்தான் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. சந்தாப் பாக்கி வைக்காதீர்கள். புளியமரத்தடியில் தினமும் நடக்கிற மனுஷனுக்கு நாம் கொடுக்கிற துணை அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு நான் வைத்த பாக்கி எட்டு மாதம்.

வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. உள்ளூர்த் தாள்களை இந்த நூலகத்தில் பைண்டு செய்து வைக்கக் கோரும் மனு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். மாணவர்கள் போட வேண்டாம், உங்கள் அப்பா அம்மாவைக் கூட்டி வாருங்கள். யார் வீட்டுப் பரணிலாவது 1992 நவம்பர்த் தாள் கிடந்தால், எண்ணெய்ப் பிசுக்கானாலும் பரவாயில்லை, நூலகரிடம் கொடுங்கள். எங்கள் தெரு மூலை எனக்கு இன்னும் வேண்டும். நோட்டோடு கட்டியிருக்கிற பேனா என்னுடையது, அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.